பிள்ளைகளுக்கு வேக்சேர்ஃப் பழக்குதல்: எந்தப் பலகை, எந்தப் படகு, யாழ்ப்பாணத்தில் எங்கே?

அரியாலையூர்:

வணக்கம். எனக்குப் பதினொரு வயதில் மகளும் எட்டு வயதில் மகனும் இருக்கிறார்கள். மகள் 33 கிலோ, மகன் 23 கிலோ. கனடாவில் சிம்கோ ஏரிக்கு அருகில் வாழும் என் அண்ணாவின் பிள்ளைகள், படகின் பின்னால் எழும் அலையில் கயிற்றை விட்டுவிட்டு நின்றபடி செல்லும் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து இருவரும் தங்களுக்கும் வேக்சேர்ஃப் பழக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யூலை மாதம் அண்ணா குடும்பத்துடன் ஊருக்கு வருகிறார். வரும்போது ஒரு பலகை கொண்டுவருவதாகச் சொல்லி, எந்த அளவு, எந்த வகை என்று கேட்டிருக்கிறார். மைத்துனரிடம் 18 அடி ஃபைபர் படகும் 15 குதிரைவலு அவுட்போட் இயந்திரமும் இருக்கின்றன. அந்தப் படகின் பின்னால், பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடைப்பட்ட கடனீரேரியில் பழக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகள் இருவரும் தடாகத்தில் நீந்துவார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சிம்கோக் கரை:

வணக்கம் தம்பி. நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். இங்கே கோடைதோறும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் நண்பர்களின் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கி வருகிறேன். நீங்கள் பலகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலகைக்கு முன் படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவுட்போட் இயந்திரம் பூட்டிய படகின் பின்னால் பிள்ளையோ பெரியவரோ ஒருபோதும் வேக்சேர்ஃப் செய்யக் கூடாது. உலகில் எந்தப் பயிற்றுநரிடம் கேட்டாலும் இதில் இரண்டாவது கருத்து இராது.

காரணம் அலை எழும் இடத்தில் இருக்கிறது. வேக்சேர்ஃப் செய்பவர் நிற்கும் அலைக்குழி படகின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. கயிற்றை விட்ட பிறகு அவரைப் படகிலிருந்து அப்பால் நிறுத்திவைக்க எதுவும் இல்லை. முன்காலில் நிறை சற்றுக் கூடினாலே பலகை அலையின் சரிவில் இறங்கிப் படகை நோக்கி விரையும். அவுட்போட் இயந்திரத்தின் விசிறி பின்விளிம்புக்கும் வெளியே, பிள்ளை விழக்கூடிய அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வேக்சேர்ஃபுக்கென்று கட்டப்பட்ட படகுகளில் இயந்திரம் உள்ளே இருக்கும். விசிறி படகின் அடிப்பகுதியில், பின்விளிம்புக்கு நன்கு முன்னால் இருக்கும். 2015 இல் வால்வோ பென்டா நிறுவனம் விசிறி முன்னோக்கி அமைந்த ஓர் இயக்கமுறையை அறிமுகப்படுத்திய பிறகு அத்தகைய படகுகளும் இதற்குப் பயன்படுகின்றன. விசிறி பின்விளிம்புக்கு வெளியே சுழலும் எந்தப் படகும் இதற்கு உரியதன்று.

இன்னொன்று, 15 குதிரைவலுவால் அந்த அலை எழும்பவும் மாட்டாது. அலை எழுவதற்குப் படகு தண்ணீரை ஆழமாக அமுக்க வேண்டும். அதற்காக இந்தப் படகுகள் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட நீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு, மணிக்கு ஏறத்தாழ 16 முதல் 19 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. உங்கள் மைத்துனரின் படகு மீன்பிடிக்கு அருமையானது. அது இலேசாக ஓடி, குறைந்த அலையோடு தண்ணீரைக் கடப்பதற்காகவே கட்டப்பட்டது.

வேலணை இளைஞன்:

அண்ணா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. நாங்கள் சாட்டிப் பக்கம் இப்படியான படகுகளின் பின்னால் காற்றடைத்த றப்பர் வளையத்தைக் கட்டி இழுத்திருக்கிறோம். கயிற்றை நீளமாக விட்டால் பிள்ளை விசிறியிலிருந்து தூரத்தில்தானே இருக்கும்? வேகமும் குறைவு. அப்படியிருக்க, ஏன் முற்றாக மறுக்க வேண்டும்?

சிம்கோக் கரை:

நல்ல கேள்வி. கயிற்றை நீளமாக விட்டால் பிள்ளை விசிறியிலிருந்து விலகுவது உண்மை. அதே அளவுக்கு அலையிலிருந்தும் விலகிவிடும். வேக்சேர்ஃப் கயிறு ஆறேழு மீற்றர்தான் இருக்கும், ஏனென்றால் அலை அந்தத் தூரத்துக்குள்ளேதான் நிற்கத்தக்க வடிவில் இருக்கிறது. அதற்கு அப்பால் அது நுரையாகச் சிதறிவிடும். பதினெட்டு, இருபது மீற்றர்க் கயிற்றின் நுனியில் பலகையில் நிற்பது வேக்போர்டிங். அதற்கு வேறு பலகை, ஏறத்தாழ இருமடங்கு வேகம், வேறு பழக்கம் வேண்டும். இழுவை வளையத்தில் பிள்ளை கடைசி வரை கயிற்றோடு இணைந்திருக்கிறது, படகு நேராகச் சென்றால் நெருங்காது. வேக்சேர்ஃபின் இலக்கே கயிற்றை விடுவது. ஆகவே அந்த அனுபவத்தை வைத்து இதை அளக்க முடியாது.

குறைந்த வேகம் விழும்போது உடலைக் காக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு இது ஏற்ற விளையாட்டு என்கிறேன். ஆனால் விசிறியின் முன் மெதுவான வேகம் எந்தக் காப்பும் தராது.

வடமராட்சிக் கடலோடி:

நான் தொழிலுக்குப் போகிறவர்களின் வீட்டில் வளர்ந்தவன். ஏரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பண்ணைப் பக்கத்தில் பல இடங்களில் ஆள் இறங்கி நின்றால் நெஞ்சுக்கு மேல் தண்ணீர் வராது. சாதாழை என்ற கடற்புல் படர்ந்த தரையில் திருக்கை கிடக்கும். சிறகுவலைகளின் தடிகள் நீருக்கு மேலே தெரிவன பாதி, முறிந்து நீருக்குள்ளே நிற்பன பாதி. நண்டு வலைகளும் இருக்கின்றன. அந்தத் தடி ஒன்றின் மேல் பிள்ளை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. யூலையில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று முழு வீச்சில் இருக்கும். முற்பகல் கடந்ததும் ஏரி முழுவதும் சிற்றலை எழும்பிவிடும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்திருக்கும் காலை வேளையோடு அதை ஒப்பிடவே முடியாது.

சிம்கோக் கரை:

வடமராட்சித் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள உண்மையான வேக்சேர்ஃப் படகு ஒன்றை யாராவது இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் கடனீரேரி அதற்குரிய இடமன்று. அந்தப் படகு நன்றாக அலை எழுப்புவதற்கே மூன்று மீற்றருக்குக் குறையாத ஆழம் வேண்டும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2022 இல் வெளியிட்ட அளவாய்வில், வேக்சேர்ஃப் படகின் அலை சாதாரணப் படகின் அலையளவுக்குத் தணிவதற்குக் கரையிலிருந்து 500 அடிக்கு மேற்பட்ட இடைவெளி வேண்டும் என்று கண்டார்கள். ஆழமற்ற ஏரியில் அந்த விசை கீழ்நோக்கிச் சென்று தரையைக் கிளறும், சாதாழையை வேரோடு பிடுங்கும். இறாலும் நண்டும் வளர்வது அந்தச் சாதாழைக்குள்ளே. வலை போட்டு வாழ்கிற குடும்பங்களின் ஏரியில் விளையாட்டுக்காக அந்த அலையை எழுப்புவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அரியாலையூர்:

இருவருக்கும் நன்றி. ஊரில் படகின் பின்னால் பழக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்; மைத்துனரும் ஏற்றுக்கொண்டார். அப்படியானால் அடுத்த கோடையில் பிள்ளைகள் சிம்கோவுக்கு வரும்போது உரிய படகில் பழகட்டும். அதற்கு முன் இங்கே அவர்கள் செய்யக்கூடியது என்ன? அண்ணா இப்போதே பலகை வாங்க வேண்டுமா? வாங்கினால் இருவருக்கும் ஒன்று போதுமா?

சிம்கோக் கரை:

இப்போது பலகையைப் பற்றி விரிவாக எழுதலாம்.

வேக்சேர்ஃப் பலகைகளில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. ஒன்று கடல் அலைச்சறுக்குப் பலகையின் வழிவந்தது: தடிப்பானது, மிதப்பு மிகுந்தது, ஃபின் என்று சொல்லப்படும் அடிச்செட்டைகள் பெரியவை. அலை அதை நன்றாகத் தள்ளும், நேராகச் செல்லும். மற்றது ஸ்கிம் வகை: மெல்லியது, அடிச்செட்டைகள் மிகச் சிறியவை, நின்ற இடத்தில் சுழலக்கூடியது. அலை சிறிதானால் ஸ்கிம் பலகை பின்தங்கிவிடும். காலடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். பழகும் பிள்ளைக்கு முதல் வகைதான் ஏற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பு வகையும் நல்லது. கடையில் ஸ்கிம் பலகைகள் சிறியனவாக இருப்பதால் அவை பிள்ளைகளுக்கானவை என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்; அளவு சிறியது என்பது வேறு, பழகுவதற்கு இலகு என்பது வேறு.

அளவைத் தீர்மானிப்பது உயரமோ வயதோ அல்ல, நிறை. பலகையிலும் உற்பத்தியாளர் தரும் அட்டவணையிலும் நிறை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக நாலரை அடி முதல் ஐந்தரை அடி வரையிலான பலகைகள் பொருந்தும். உங்கள் மகனின் 23 கிலோவுக்கு மூன்றரை அடிக்கும் நாலடிக்கும் இடையிலும், மகளின் 33 கிலோவுக்கு நாலடி அல்லது அதற்குச் சற்று மேலும் பார்க்கலாம். இருவருக்கும் ஒன்றுதான் வாங்குவதென்றால் நாலடிப் பலகை போதும். பலகை சற்றுப் பெரிதாக இருந்தால் சிறுவனுக்கு மிதப்புக் கூடும், அது தொடக்கத்தில் உதவியே. சிறிதாக இருந்தால் மகளின் காலடியில் அமிழ்ந்து, கயிற்றை விட்டதும் அலையிலிருந்து நழுவிவிடும்.

ஆனால் "பிள்ளை வளரும்தானே" என்று ஐந்தடிப் பலகை வாங்கிவிட வேண்டாம். பலகையைத் திருப்புவது விளிம்புகளால். விரல்களால் ஒரு விளிம்பையும் குதிகாலால் மறு விளிம்பையும் அழுத்தித்தான் அலையின் மேலும் கீழும் செல்ல முடியும். அகலமான பெரியவர் பலகையின் நடுவில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் பாதம் எந்த விளிம்பையும் எட்டாது. அது எவ்வளவு சரிந்தாலும் பலகை கேட்காது. பலகை தன் சொற்கேட்கவில்லை என்று தோன்றிய கணமே பிள்ளையின் ஆர்வம் போய்விடும். இதைக் கண்ணால் பல தடவை கண்டிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பொருளைப் பொறுத்தவரை, நுரை உள்ளீட்டின் மேல் எப்பொக்சிப் பிசின் பூசிச் செய்த பலகைகள் இலேசானவை, விலையும் கூட. படகில் மோதினால் குழி விழும். அச்சில் அழுத்திச் செய்யப்படுபவை சற்றுப் பாரமானவை, ஆனால் அடி தாங்கும். மேற்பரப்பு மென்மையான பலகைகளும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் அந்த மென்பலகையைத்தான் கொடுப்பேன், ஏனென்றால் இந்த விளையாட்டில் அடிபடுவது பெரும்பாலும் தண்ணீரால் அல்ல, விழுந்தபின் மிதந்து வரும் சொந்தப் பலகையால். அடிச்செட்டைகளின் விளிம்பு கூராக இல்லாமல் வளையும் தன்மையோடு இருக்கட்டும். ரோனிக்ஸ், ஹைப்பர்லைட், லிக்விட் ஃபோர்ஸ், ஃபேஸ் ஃபைவ் போன்றவை பெயர் பெற்ற உற்பத்தியாளர்கள். எந்தப் பெயராக இருந்தாலும் நிறை வரம்பைப் பார்த்த பிறகே விலையைப் பாருங்கள்.

நல்லூர் அக்கா:

நான் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். சகோதரர் எழுதியதில் உயிர்காப்பு அங்கி பற்றி எதுவும் வரவில்லையே என்று எழுதுகிறேன். அங்கியை அணிவித்து, எல்லாப் பட்டிகளையும் பூட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது; தண்ணீரிலும் அப்படியே ஏறி முகத்தை மறைக்கும். தடாகத்தில் நீந்துவதும் திறந்த நீரில் கால் எட்டாத இடத்தில் அமைதியாகக் காத்திருப்பதும் ஒன்றல்ல. அங்கியோடு மல்லாந்து மிதந்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, யாராவது வரும்வரை பொறுத்திருக்கப் பழக்குங்கள். படகு திரும்பி வருவதற்கு எடுக்கும் அந்தச் சிறு நேரத்தில் பயப்படாத பிள்ளைதான் மறுபடியும் எழுந்து நிற்க விரும்பும்.

சகோதரரிடம் ஒரு கேள்வி: கடல் அலைச்சறுக்கில் காலில் கட்டும் வார் இதற்கும் வேண்டுமா?

சிம்கோக் கரை:

அங்கியைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி அக்கா. படகின் பின்னால் அந்த வார் கட்டுவதில்லை. விழுந்த பிள்ளையை நோக்கிப் பலகையை அது இழுத்து வரும், படகின் பாகங்களில் சிக்கவும் கூடும். பலகையைப் படகில் போய் எடுத்துக்கொள்ளலாம். கடலில் நிலைமை வேறு. அங்கே கைவிட்ட பலகை அலையோடு சென்று மற்றவர்களை அடிக்கும், ஆகவே வார் கட்டாயம்.

உங்கள் எழுத்தைப் படித்தபோது கரியோரொட்சைட்டு (காபன் மொனொக்சைட்) என்ற நச்சு வாயுவையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படகின் பின்னே இயந்திரப் புகை வெளியேறும் இடத்துக்கு மிக அருகில் நடக்கும் விளையாட்டு இது. அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. ஓடும் படகின் பின்தட்டைப் பிடித்துக்கொண்டு இழுபடும் பழக்கத்தால் மரணங்கள் நிகழ்ந்ததால் கலிபோர்னியா அதை 2005 முதல் சட்டத்தால் தடுத்தது. இயந்திரம் ஓடும்போது பின்தட்டில் எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. பலகை மாற்றும்போதும் பிள்ளை ஏறி இறங்கும்போதும் இயந்திரத்தை முற்றாக நிறுத்த வேண்டும். கியரை விடுவிப்பது போதாது. பிள்ளை தலை நோகிறது, குமட்டுகிறது என்றால் அலைமயக்கம் என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோய், மருத்துவ உதவியை நாடுங்கள்.

அரியாலையூர்:

பழக்கும் முறையைக் கொஞ்சம் சொல்வீர்களா அண்ணா? வீட்டு முற்றத்திலேயே தொடங்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சிம்கோக் கரை:

பெரும்பகுதியை முற்றத்தில் பழக்கலாம். முதலில் எந்தக் கால் முன்னே வரும் என்று கண்டுபிடியுங்கள். பிள்ளையை வழுக்கும் தரையில் ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள். தானாக முன்னே போகும் கால்தான் முன்கால். இடக்கால் முன்னே வருமானால் படகின் இடப்பக்க அலையும், வலக்கால் முன்னே வருமானால் வலப்பக்க அலையும் பொருந்தும். அப்போதுதான் பிள்ளையின் முகம் அலையைப் பார்த்திருக்கும். உங்கள் அண்ணாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள், எந்தப் பக்கம் அலை எழுப்புவது என்பதை அவர் அதற்கேற்பத் தீர்மானிக்கலாம்.

பிறகு பிள்ளையை நிலத்தில் உட்காரவைத்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து மடக்கி, குதிகால்களைப் பலகையின் விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். கயிற்றின் பிடி முழங்கால்களுக்கு முன்னே, கைகள் நேராக இருக்கட்டும். நீங்கள் மறுநுனியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். பிள்ளை கையை மடக்கி எதிரிழுக்காமல், கயிறு தன்னைத் தூக்கும்வரை அந்தச் சுருண்ட நிலையிலேயே இருந்து, பிறகு எழ வேண்டும். தண்ணீரிலும் இதேதான். படகு நகரும்போது குதிகாலை அழுத்தினால் பலகை நிமிர்ந்து பாதங்களில் ஒட்டிக்கொள்ளும். மீதியைப் படகு செய்யும். பெரும்பாலான பிள்ளைகள் விழுவது அவசரப்பட்டு எழ முயல்வதால். பொறுத்திருப்பதை முற்றத்தில் உடலுக்குப் பழக்கிவிட்டால் ஏரியில் பாதி வேலை முடிந்துவிடும். இப்படி எழுவது மகனுக்குக் கடினமானால், சற்றுப் பெரிய மென்பலகையில் வயிற்றால் படுத்துத் தொடங்கி, முழந்தாளிட்டு, பிறகு நிற்கட்டும்.

நின்ற பிறகு கயிற்றை விட அவசரம் வேண்டாம். அலை தள்ளும்போது கயிறு தானாகத் தளரும். தளர்ந்து கிடக்கிறதா என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முன்காலில் நிறை வைத்தால் விரையும், பின்காலில் வைத்தால் பின்தங்கும் என்பது கயிறு கையில் இருக்கும்போதே புரிய வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றுவதோ, பிடிக்குள் முழங்கையை நுழைப்பதோ எக்காலத்திலும் கூடாது. விட்ட கயிற்றைப் படகில் உள்ளவர் உடனே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

படகில் ஓட்டுநரைத் தவிர, பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு பெரியவர் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, விழுந்தபின் கையை உயர்த்தினால் நலம். இந்தச் சைகைகளையும் முற்றத்திலேயே பழக்குங்கள். இலேசான பிள்ளைகளுக்கு நான் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் தொடங்குவேன். ஒரு பிள்ளைக்குச் சில முயற்சிகள் போதும். கை சோர்வதற்கு முன்பே, இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே படகில் ஏற்றிவிடுங்கள்.

வேலணை இளைஞன்:

ஊரில் அலை பழகுவதற்கு ஏதும் வழி உண்டா? படகு வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

வடமராட்சிக் கடலோடி:

காற்று அடங்கிய காலைகளில் காரைநகர்க் கசூரினாவோ உங்கள் சாட்டியோ போதும். ஆழம் குறைவு. மென்பலகையில் படுத்தும் முழந்தாளிட்டும் சமநிலை பழகலாம், பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் பக்கத்தில் நிற்க வேண்டும். வாடைக் காலத்தில் எங்கள் வடமராட்சிக் கிழக்குப் பக்கம் பிள்ளைகளைக் கடலில் இறக்கவே வேண்டாம். உண்மையான அலையில் நிற்க விரும்பினால் வைகாசி முதல் புரட்டாசி வரை அறுகங்குடாவில் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கான சிற்றலை உள்ள பகுதியும் அங்கே உண்டு.

சிம்கோக் கரை:

ஆம், அது மிக நல்ல வழி. அறுகங்குடாவில் சில நாள் நின்று பழகிய பிள்ளை இங்கே வந்து படகின் அலையில் நிற்கும்போது, அலையின் சரிவைப் பாதத்தால் உணர்வது எப்படி என்று மறுபடி சொல்லித்தர வேண்டியிராது. ஆகவே தம்பி, அண்ணாவிடம் இப்போது வேக்சேர்ஃப் பலகை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த கோடைக்குள் மகளின் நிறை மாறிவிடும். அங்கே வந்தபின் நிறை பார்த்து வாங்கலாம், இரவல் வாங்கியும் பார்க்கலாம். யூலையில் கொண்டுவர வேண்டியது பிள்ளைகளின் அளவுக்குச் சரியான இரண்டு உயிர்காப்பு அங்கிகளும் வேக்சேர்ஃப் கயிறு ஒன்றும்.

அரியாலையூர்:

அப்படியே எழுதிவிட்டேன் அண்ணா. அங்கி எடுப்பதற்குப் பிள்ளைகளின் நெஞ்சுச் சுற்றளவு வேண்டுமா, நிறை போதுமா என்று அண்ணா கேட்கிறார்.

நல்லூர் அக்கா:

இரண்டையும் அனுப்புங்கள். பிள்ளைகளின் அங்கிகள் நிறைப்படி பிரிக்கப்பட்டிருக்கும், ஒரே நிறைப் பிரிவுக்குள் பொருத்தம் நெஞ்சளவைப் பொறுத்தது. மகனின் அங்கியில் கால்களுக்கிடையே செல்லும் பட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது பிள்ளை மூச்சை உள்ளே இழுத்து நிற்கட்டும்.